தீ வைத்த பிள்ளையும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளும்

ஒரு பையன் புல்வெளிக்குத் தீ வைத்துவிட்டான் என்று சேதி வந்தால், நம் ஆட்கள் கூடும் இடத்தில் இரண்டு யோசனைதான் கேட்கும். "ரெண்டு போடு போட்டா சரியாயிடுவான்" என்பது ஒன்று. "மனநல டாக்டர்கிட்ட காட்டணும்" என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதை நடத்தித் தருகிற வேலையைத்தான் நான் பகுதிநேரமாகச் செய்கிறேன். மேற்கு சிட்னியில் என்னை வருடக்கணக்காகத் தெரிந்தவர்களுக்கே இது புதுச் செய்தியாக இருக்கும், ஏனென்றால் இதைப் பற்றி வெளியில் அதிகம் பேச முடியாது.

நான் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1997-ல் இளம் குற்றவாளிகள் சட்டம் வந்தது. 10 முதல் 17 வயதுக்குள் குற்றம் செய்த பிள்ளைகளை நேரே கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் மூன்று படி வைத்தார்கள்: போலீஸ் எச்சரிக்கை, அதைவிடக் கொஞ்சம் முறையான கண்டிப்பு, அதற்கும் மேலே 'யூத் ஜஸ்டிஸ் கான்ஃபரன்ஸ்'. இந்த மூன்றாவதுதான் சீரமைப்பு நீதி என்று சொல்கிறார்களே, அது. பிள்ளை, பெற்றோர், பாதிக்கப்பட்டவர், விசாரித்த போலீஸ்காரர், இளைஞர் பிரிவு போலீஸ் அதிகாரி எல்லோரும் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து, நடந்தது என்ன, யாருக்கு என்ன சேதம், அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி ஒரு திட்டம் எழுதுவார்கள். பிள்ளை தப்பை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், இப்படி உட்காரவும் சம்மதிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் பேசும் உரிமை உண்டு. நான் அதில் 'கன்வீனர்'. தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. ஆட்களைக் கூட்டி, பேச்சு தடம் மாறாமல் பார்த்துக்கொள்பவன்.

பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். அதனால் கீழே வருகிற சம்பவங்களில் ஊர், வயது, சில சூழல்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு மூன்று வழக்குகளில் நடந்ததை ஒன்றாக்கியும் இருக்கிறேன்.

திருட்டு, அடிதடி, சுவரில் கிறுக்கியது என்று எல்லா வகையும் எங்களிடம் வரும். தீ வழக்கு மட்டும் தனி ரகம். செல்போனைப் பிடுங்கினால் பறிகொடுத்தவர் யார் என்று தெரியும். புதர் எரிந்தால் யார் பாதிக்கப்பட்டவர்? நிலம் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சிக்குச் சொந்தம். போலீஸ் தாளில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற இடத்தில் கவுன்சில் பெயர் இருக்கும், கீழே ஒரு பொது போன் நம்பர். அந்த ஒரு வரியை நம்பிக் கூட்டம் போட்டால், அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சேத மதிப்பைப் படித்துவிட்டுப் போவார். பையன் தலையைக் குனிந்துகொண்டு "ஸாரி" என்பான். எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். அவனைப் பொறுத்தவரை கொஞ்சம் புல் எரிந்தது, அது மறுபடி முளைக்கும், அவ்வளவுதான். உண்மையில் பாதிக்கப்பட்ட மனிதர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதுதான் தீ வழக்கில் பாதி வேலை. மீதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் யார் இந்தப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுகிறேன். தீ என்றாலே வெறி, பைத்தியம் என்று சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் பேசுவோம். தீயைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிற நோய் மிக அபூர்வம். நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மதியம் மூன்றரைக்குப் பள்ளி விட்டு, ஆறு மணி வரை வீட்டில் யாரும் இல்லாத பையன்கள். பாடி ஸ்ப்ரேயின் முன்னால் லைட்டரைப் பிடித்து போனில் வீடியோ எடுக்கிறவர்கள். அடுத்த வகை, எதையாவது உடைக்க வேண்டும் என்று திரிகிற கூட்டம், அவர்களுக்குத் தீயும் ஒரு கல். மூன்றாவது வகைதான் கவலைக்குரியது: வீட்டுக்குள் நடக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லத் தெரியாமல் கொளுத்துகிற பிள்ளை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெரிய காட்டுத்தீ வந்தால் உடனே பழி பிள்ளைகள் மேல்தான் விழும். 2019-20 கோடையில் எங்கள் மாநிலத்தில் மட்டும் 2,400-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அப்போது 'எல்லாம் தீ வைக்கும் கும்பலின் வேலை' என்று இணையம் முழுக்கச் சுற்றியது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான். 183 பேர் மீது நடவடிக்கை என்று 2020 ஜனவரியில் போலீஸ் அறிக்கை விட்டதும் அதைத் தலைப்பாக்கினார்கள். உள்ளே படித்தால், வேண்டுமென்றே காட்டுத்தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர். மற்றவர்களில் கணிசமானவர்கள், வெளியில் தீ மூட்டக் கூடாது என்று அறிவித்த தீத் தடை நாளில் தடையை மீறியவர்கள், அணைக்காத சிகரெட்டையோ தீக்குச்சியையோ எறிந்தவர்கள். 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீயை மூட்டியது மின்னல். 2013-ல் புளூ மவுண்டன்ஸில் ஏறக்குறைய 200 வீடுகளை அழித்த தீ மின்கம்பியிலிருந்து கிளம்பியது. இதையெல்லாம் கூட்டத்துக்கு முன்பே பெரியவர்களிடம் பேசி வைப்பேன். இல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் நாட்டின் மொத்தக் கோடையையும் ஏற்றிவிடுவார்கள்.

இனி ஒரு புறாக் கதை.

மேற்கே, வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற ஓரத்தில் ஒரு விளையாட்டுத் திடல். அதற்குப் பின்னால் ஓடை. இரண்டு பையன்கள், எட்டாம் வகுப்பு. வடமேற்குக் காற்று அடிக்கிற மதியம். உள்நாட்டிலிருந்து வரும் அந்தக் காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறையும். பாடி ஸ்ப்ரே, லைட்டர், காய்ந்த புல். காலால் மிதித்து அணைக்கப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை, ஓடிவிட்டார்கள். ஓடும் முன் ஒருவன் மட்டும் 000 என்ற அவசர உதவி எண்ணுக்கு போன் போட்டுப் பேசாமல் வைத்திருக்கிறான். அது பின்னால் முக்கியமாயிற்று.

தாளில் இருந்த பாதிக்கப்பட்டவர் கவுன்சில்தான். நான் எப்போதும் செய்கிறபடி அந்த இடத்துக்குப் போய் நடந்து பார்த்தேன். கருகிய புல் முடிகிற இடத்தில் ஒரு வேலி பாதி இல்லை. அதற்குப் பின்னால் எரிந்த ஷெட். கதவைத் தட்டினால் மால்டாவிலிருந்து இளம் வயதில் வந்து குடியேறிய ஒரு பெரியவர். பந்தயப் புறா வளர்ப்பவர். அந்த வட்டாரத்தில் மால்டீஸ்காரர்கள் பலருக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை, வாழ்க்கையே. வேலிக்கும் ஷெட்டுக்கும் இன்சூரன்ஸ் கோரிக்கை போட்டிருந்தார். புறாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அந்தப் பயல்கள் மூஞ்சியில் முழிக்க எனக்கு விருப்பமில்லை" என்றார். சரி என்றேன். வர வேண்டிய கட்டாயம் இல்லை, உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம், எழுதிக் கொடுக்கலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். நான் வற்புறுத்தவில்லை. இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பாதிக்கப்பட்டவரை 'மன்னிக்கச் சொல்லி' அழைக்காதீர்கள். பையனுக்கு நல்லது நடக்க அவரைக் கருவியாக்கினால் அவருக்கு அது இரண்டாவது அடி. அவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது இருந்தால் வருவார். இவருக்கு இருந்தது. "ஏன் என் வேலிப் பக்கம்? என்னை ஏற்கெனவே தெரியுமா?" தன்னைக் குறிவைத்துச் செய்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகத்தால் ராத்திரியில் தூக்கமில்லை.

இரண்டு பையன்களின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனேன். இந்த முன்வேலைக்குத்தான் நேரம் வேண்டும். கூட்டத்தை முடிந்தவரை 28 நாளுக்குள் நடத்த வேண்டும் என்கிறது சட்டம், அந்த நாள்களில் பெரும்பகுதி சமையலறை மேசைகளில் போகும். ஒரு வீட்டில் அம்மா. இன்னொரு வீட்டில் பாட்டி மட்டும். பாட்டி என்னை உள்ளே விட்டதும் சொன்னது: "அவன் ரெண்டாவது தடவை ஒப்புக்கமாட்டான், சீக்கிரம் கேட்டுக்கோ."

பிள்ளைகளிடம் 'ஏன் செய்தாய்?' என்று நான் கேட்பதில்லை. கேட்டால் 'தெரியாது' என்ற ஒரே பதில்தான் வரும், அது பொய்யும் இல்லை. 1991-ல் வாகா வாகா என்ற ஊரில் டெர்ரி ஓ'கானல் என்ற போலீஸ்காரர் இப்படிக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கியபோது உருவான கேள்விகளையே இன்றும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறோம். என்ன நடந்தது? அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது? அதற்குப் பிறகு என்ன நினைத்தாய்? யாருக்கெல்லாம் இதனால் பாதிப்பு? எதைச் செய்தால் சரியாகும்? நாலாவது கேள்விக்கு அந்த இரண்டு பையன்களும் சொன்ன பதில் ஒன்றே: "யாருக்கும் இல்லை. அம்மாவுக்குக் கோபம்."

கூட்டம் ஒரு சாரணர் கூடத்தில். போலீஸ் ஸ்டேஷனிலோ பள்ளியிலோ வைக்க எனக்குப் பிடிக்காது. நாற்காலி வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல். யார் எங்கே உட்கார்வது என்று முன்னாலேயே முடிவு செய்துவிடுவேன். பெரியவருக்குக் கதவுப் பக்கம் இடம், எழுந்து போக வேண்டும் போலிருந்தால் யாரையும் தாண்டிப் போகாமல் போகலாம். அவர் பக்கத்தில் அவர் மகள். பையன்கள் இருவரும் சேர்ந்து உட்காரக் கூடாது. சேர்ந்தால் கண்ணாலேயே பேசிச் சிரிப்பார்கள், அதற்குப் பெயர் பயம்தான், ஆனால் எதிரில் இருப்பவருக்குத் திமிராகத் தெரியும்.

போலீஸ்காரர் நடந்ததை வாசித்தார். பையன்கள் பேசினார்கள். இருவரும் தரையைப் பார்த்து, மற்றவன் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்தான் என்கிற கதை. பிறகு பெரியவர் முறை. அவர் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன வளையங்கள் சிலவற்றை எடுத்தார். புறாக் குஞ்சுக்குச் சில நாளே ஆனபோது காலில் மாட்டிவிடுகிற வளையம், அதில் வருடமும் எண்ணும் இருக்கும், வளர்ந்த பிறகு கழற்ற முடியாது. எழுந்து போய் ஒரு பையனின் உள்ளங்கையில் அவற்றைக் கொட்டினார். தீ வேலியைத் தொட்டபோது கூண்டைத் திறந்துவிட்டேன், பறக்கத் தெரிந்தவை பறந்துவிட்டன, சில திரும்பி வந்தன, சில வரவில்லை, இவை பறக்கத் தெரியாதவற்றுடையவை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பையன் வளையங்களைக் கீழே வைக்கவும் தெரியாமல், திருப்பிக் கொடுக்கவும் தெரியாமல் கை நீட்டியபடியே இருந்தான். இப்படி நேரத்தில் கன்வீனர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'பார்த்தாயா?' என்று அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும். இளைஞர் பிரிவு அதிகாரி அப்படி ஒன்றைத் தொடங்கப் போனார், நான் தலையசைத்தேன், நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையனே, "போன் பண்ணினது நான்தான், பேசப் பயந்து வெச்சுட்டேன்" என்றான். அவன் அம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும். பெரியவர், "என்னைத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். "அங்கே வீடு இருக்கறதே தெரியாது." அவர் மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்துப் பேசியவர் அந்தப் பகுதித் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் கேப்டன். ஊர்ப்புறத் தீயணைப்புச் சேவையில் ஏறக்குறைய 70,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், சம்பளம் கிடையாது. இந்த அம்மா பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தீயணைப்பாளரை அழைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் சாகசம் பேசினால் எல்லாம் கெட்டது. சைரன், சிவப்பு விளக்கு, பெரிய வண்டி இவற்றின் கவர்ச்சியே சில பிள்ளைகளுக்குத் தீ வைக்கக் காரணம். தீ வைத்தவனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிக் குழாயைப் பிடிக்கவிட்டால் அது பரிசாகிவிடும். அதனால் சீருடை வேண்டாம், தீயை எப்படி அடக்கினீர்கள் என்ற வீரக்கதையும் வேண்டாம், அன்று உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். அவர் இரண்டே விஷயம் சொன்னார். சாயங்காலம் தெற்குக் காற்று திரும்பும் என்று வானிலை அறிவிப்பு இருந்தது. அது திரும்பினால் நீளவாக்கில் கிடக்கிற தீயின் பக்கவாட்டு முழுவதும் முகமாக மாறி வீடுகளைப் பார்த்து வரும், அதற்குள் அணைக்க வேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தோம். இரண்டாவது: நாங்கள் இங்கே இருந்தபோது எங்கள் பகுதியில் ஒரு கார் விபத்து அழைப்பு வந்தது, பக்கத்து ஊர் வண்டிதான் போக வேண்டியிருந்தது, தாமதமாயிற்று. காரில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். "பிழைக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே வந்திருக்கமாட்டேன்" என்றார்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம். காட்டுத்தீ அல்லது எரியூட்டல் வழக்கு என்றால், தீயின் கேடுகளைப் புரியவைக்கும் படம் பார்ப்பதோ அதுபோன்ற வேறு செயலில் பங்கெடுப்பதோ திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பொருத்தமாக இருந்தால் சுத்தம் செய்வதில் உதவுவது, காயம்பட்ட விலங்குகளைக் கவனிக்கும் வேலை, நஷ்டஈடு இவற்றையும் சேர்க்க வேண்டும். நல்ல எண்ணம்தான். படம் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். தீக்காயப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பதை நான் நம்பவில்லை. பயந்த பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், பயப்படாத பிள்ளை நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பும். மாநில நகர்ப்புறத் தீயணைப்புத் துறை நடத்தும் தீ விழிப்புணர்வுத் திட்டத்தின் ஆட்களைக் கேட்டு, அந்தக் கட்டாயப் பகுதியை அவர்கள் மூலம் நிறைவேற்றுவதையே விரும்புகிறேன். அவர்கள் வீட்டுக்கே வந்து பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவார்கள், இலவசம்.

திட்டம் எழுதும் முன் பிள்ளையையும் குடும்பத்தையும் தனி அறையில் விட்டுவிட்டு நாங்கள் வெளியே நிற்போம். 1989-ல் நியூசிலாந்து கொண்டுவந்த குடும்பக் கூட்டச் சட்டத்தின் வழி இது. மாவோரி மக்களின் குடும்ப வழக்கத்திலிருந்து எடுத்தது. வெளியே டீ குடிக்கிற அந்த இருபது நிமிடத்தில் நடக்கும் பேச்சு சில சமயம் உள்ளே நடந்ததைவிட மேல். கேப்டனும் பெரியவரும் புறா பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், போலீஸ்காரர் டீக்குச் சர்க்கரை தேடினார்.

உள்ளேயிருந்து வந்த முதல் திட்டம்: மன்னிப்புக் கடிதம், 500 வார்த்தைக் கட்டுரை, எரிந்த ஷெட்டைச் சுத்தம் செய்வது. கடிதம் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதாக இருக்கும், கட்டுரையை இணையம் எழுதும். இரண்டையும் நானே கேள்வி கேட்டேன், அவர்களே எடுத்துவிட்டார்கள். சுத்தம் செய்வது நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அந்த ஷெட் பழைய ஃபைப்ரோ ஷீட்டால், அதாவது கல்நார் கலந்திருக்கக்கூடிய சிமெண்ட் தகட்டால் கட்டியது. கல்நார்த் தூசி மூச்சில் போனால் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது 2003 இறுதியில். அதற்கு முன்பு, குறிப்பாக எண்பதுகளின் நடுப்பகுதி வரை கட்டிய ஷெட், கழிப்பறை, வேலி எல்லாவற்றிலும் அது இருக்கலாம். எரிந்து நொறுங்கிய ஃபைப்ரோவைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது குற்றம் மாதிரி. உரிமம் உள்ளவர்கள்தான் அகற்ற வேண்டும். தீ வழக்கில் 'சாம்பலை அள்ளட்டும்' என்று யார் சொன்னாலும் முதலில் எது எரிந்தது என்று கேளுங்கள்.

கடைசியில் எழுதியது இப்படி: சனிக்கிழமை காலைகளில் புதுக் கூண்டு கட்டும் வேலையில் உதவி, பெரியவரின் மகள் மேற்பார்வை. தீயணைப்புத் துறையின் விழிப்புணர்வு அமர்வுகள், பெற்றோரோடு. ஒரு சின்னத் தொகை, பையன்கள் தாங்களே சம்பாதித்து. ஓடைக்கரையில் கவுன்சிலின் புதர்ப் பராமரிப்புக் குழுவோடு சில மணி நேரம். அங்கேயும் மரம் நடலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம். அந்தக் குழுவை நடத்தும் பெண், "நடவே வேண்டாம், இந்த மண்ணில் விதை கிடக்கிறது, தானாக வரும், அதற்கு முன்னால் களை வந்துவிடும், களை பிடுங்க ஆள் தாருங்கள்" என்றார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி, பொறுப்பான ஒரு பெரியவரின் பெயர். பெயர் இல்லாத வரி எதுவும் நடக்காது. பாதிக்கப்பட்டவரும் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாவிட்டால் திட்டமே செல்லாது, இருவருக்கும் தடுக்கும் உரிமை உண்டு. பெரியவர் தொகையைப் பாதியாகக் குறைத்தார், சனிக்கிழமைகளை ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

போன் செய்த பையன் முழுதாக முடித்தான். பாட்டி வீட்டுப் பையன் மூன்று சனிக்கிழமைக்குப் பிறகு வரவில்லை. அவனுடைய வழக்கு திரும்பிப் போய்க் கோர்ட்டுக்குச் சென்றது. பெரியவர் என்னிடம் கேட்டது அவனைப் பற்றித்தான்: "அந்தச் சின்னவனுக்குச் சுத்தியல் நன்றாக வந்தது, எங்கே அவன்?"

எல்லா வழக்கும் இப்படி உருக்கமாக இருக்காது என்பதற்கு ஒரு பள்ளிக் கழிப்பறைத் தீ. துணைத் தலைமையாசிரியர் தயாரித்து வந்ததை வாசித்தார், யாருக்கும் எதுவும் ஏறவில்லை. நல்லவேளையாக, புகையை முதலில் பார்த்து உள்ளே பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிய துப்புரவுப் பணியாளரையும் அழைத்திருந்தேன். அவர் இரண்டு நிமிடம் பேசினார், அதோடு கூட்டத்தின் திசை மாறியது. பள்ளி, கடை, ரயில் நிலையம் என்று நிறுவனம் பாதிக்கப்பட்டால் மேலாளரைவிட அங்கே அந்த நேரத்தில் நின்ற ஆளைத் தேடுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது வகை. பதினொரு வயதுப் பெண் பிள்ளை, தன் அறையிலேயே திரும்பத் திரும்பச் சின்னச் சின்னதாகக் கொளுத்தியவள். படுக்கை விரிப்பு, பொம்மை, ஒரு முறை தன் பள்ளிச் சட்டை. தாள் என்னிடம் வந்தது. வீட்டுக்குப் போனதும் இது வட்டமாக உட்காரும் விஷயமே இல்லை என்று தெரிந்தது. அம்மாவின் நண்பர் அறைக்குள் வந்ததும் அந்தப் பிள்ளை நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்த விதம் போதும். நான் கேள்வி கேட்டுத் துருவவில்லை, அது என் வேலையும் இல்லை. அன்றே குழந்தைப் பாதுகாப்புக்குத் தெரிவித்து, கூட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதினேன். தனியாக, வீட்டுக்குள், தன் சாமான்களையே, அதுவும் அடிக்கடி கொளுத்துகிற பிள்ளையைக் கண்டால் மன்னிப்புக் கேட்க வைக்கும் ஏற்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். அங்கே பாதிக்கப்பட்டவர் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.

நம்மவர் குடும்பங்களைப் பற்றியும் கொஞ்சம். கோயிலிலும் கல்யாணத்திலும் பார்க்கிற குடும்பம் என்றால் நான் அந்த வழக்கை எடுப்பதில்லை, வேறு கன்வீனரிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். "மானம் போச்சு" என்று தொடங்குவார்கள். பையனைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வீட்டில் உடைத்து அனுப்புவார்கள். வட்டத்தில் உட்கார்ந்ததும் அப்பா எழுந்து எல்லோர் முன்னாலும் கைகூப்பி, "இவன் எங்களுக்குப் பிறந்ததே பாவம்" என்பார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் பிரைத்வைட் இந்தத் துறைக்குக் கொடுத்த முக்கியமான பிரிப்பு இங்கேதான் உதவும்: செய்த காரியத்தைக் கண்டித்து ஆளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிற வெட்கம் ஒன்று, ஆளையே வெளியே தள்ளுகிற வெட்கம் இன்னொன்று. இரண்டாவது பிள்ளையைத் தன்னைப்போல் தள்ளப்பட்ட கூட்டத்திடம் கொண்டுபோய் விடும். அதனால் பெற்றோரிடம் முன்கூட்டியே ஒன்று கேட்பேன்: இந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், என்ன சொல்வீர்கள்? பதில் வர நேரமாகும். வந்த பதிலைக் கூட்டத்திலும் சொல்லச் சொல்வேன்.

இரண்டாவது, மொழி. அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ஆங்கிலம் சரளமில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கிடைப்பார். குற்றம் செய்த பிள்ளையே அம்மாவுக்கு மொழிபெயர்க்கிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் ஒரு பத்தி சொல்வார், பையன் தமிழில் ஒரு வரி சொல்வான்.

மூன்றாவது, பூஜையறை. கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய், காய்ந்த திரி எல்லாம் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருப்போம். லைட்டரையும் தீப்பெட்டியையும் எண்ணிப் பூட்டி வையுங்கள். அதற்காகப் பிள்ளையை விளக்குப் பக்கமே வரக் கூடாது என்று விரட்டுவது சரியா என்றால், எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவர் பக்கத்தில் நிற்க, விளக்கை ஏற்றி, குச்சியைத் தண்ணீரில் போட்டு அணைத்துவிட்டு வருகிற பழக்கம் இருக்கிற பிள்ளைக்குத் தீயில் மர்மம் குறைவு. இது என் அபிப்பிராயம்தான். உங்கள் பிள்ளை ஏற்கெனவே கொளுத்திப் பார்த்திருந்தால் தீயணைப்புத் துறையின் ஆட்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

இதனால் பிள்ளைகள் திருந்துகிறார்களா என்று கேட்பார்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் கான்பெராவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். இளைஞர்களின் வன்முறைக் குற்றங்களில் கோர்ட்டைவிட நல்ல பலன் தெரிந்தது. சொத்துக் குற்றங்களில் அப்படிச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் பயமும் கோபமும் தணிவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். நிதி ஒதுக்கச் சொல்லி இந்த முறையை விற்பவர்கள் வன்முறைக் குற்றம் பற்றிய முதல் முடிவை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் சொத்துக் குற்றம் பற்றிய இரண்டாவதை மட்டும்.

சிட்னியில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு நடைமுறை விஷயம். வீட்டில் கருகிய காகிதம், படுக்கைக்கு அடியில் லைட்டர், ஓட்டை விழுந்த கம்பளம் இப்படி எதையாவது பார்த்தால், போலீஸ் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் நான் மேலே சொன்ன விழிப்புணர்வுத் திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அதில் சேர வழக்கு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஒருவேளை போலீஸ் வந்துவிட்டால், பிள்ளை எதையும் சொல்லும் முன் சட்ட உதவி அமைப்பின் இளைஞர் தொலைபேசிச் சேவையில் வக்கீலிடம் பேச வையுங்கள். கான்ஃபரன்ஸுக்கு அனுப்பினால் கன்வீனர் உங்கள் வீட்டுக்கு வருவார். அப்போது டீ போடுவதில் நேரத்தைச் செலவிடாமல், அந்தத் தீயால் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். எனக்கு அது பெரிய உதவி.